எங்கே உட்கார்ந்து பார்ப்பது?

பல்லேகலவுக்கு மெட்ச் பார்க்கப் போகும் மலையகக் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

பல்லேகல சர்வதேச கிரிக்கெட் மைதானத்தின் இரண்டு பந்துவீச்சு முனைகளுக்கும் ஊர்ப் பெயர்களையே வைத்திருக்கிறார்கள். ஒன்று ஹுன்னஸ்கிரிய முனை, மற்றது ரிக்கில்லகஸ்கட முனை. ரிக்கில்லகஸ்கட நம்முடைய நுவரெலியா மாவட்டத்து ஊர். ஆட்டம் நடக்கும் நாளெல்லாம் வர்ணனையாளர்கள் வாயில் அந்தப் பெயர் புழங்குகிறது. அதே மாவட்டத்துத் தோட்டங்களிலிருந்து வேன் பிடித்துப் போய் ஆட்டம் பார்த்துவிட்டு வரும் பிள்ளைகளிடம், "எங்கே உட்கார்ந்து பார்த்தீர்கள்?" என்று கேட்டால், பெரும்பாலும் வரும் பதில்: "கிடைச்ச இடத்துலதான்."

இந்தப் பதில் மாற வேண்டும். தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாவைத் தொட்டதே 2021 மார்ச்சில்தான். 2024இல் அது 1,350 ஆனது. தோட்டச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து, வேன் காசும் டிக்கெட் காசும் சாப்பாட்டுச் செலவும் போட்டு ஒரு குடும்பம் மைதானத்துக்குப் போகிறதென்றால், அந்த ஒரு நாளுக்குப் பின்னால் பல நாள் உழைப்பு இருக்கிறது. அப்படிப் போகிறவர்கள் எங்கே உட்கார வேண்டும் என்பதைத் தாங்களே தீர்மானித்துப் போக வேண்டும். அதற்கு வேண்டிய விவரங்கள் இங்கே.

நம் பக்கத்து மைதானம்

1983 முதல் 2007 வரை கண்டியில் டெஸ்ட் ஆட்டம் என்றால் அஸ்கிரியதான். திரித்துவக் கல்லூரிக்குச் சொந்தமான, மலையைச் செதுக்கி எடுத்த மைதானம் அது. 2007 டிசம்பர் 3ஆம் திகதி முத்தையா முரளிதரன் அங்கே இங்கிலாந்தின் போல் கொலிங்வுட்டின் ஸ்டம்பைச் சாய்த்து 709ஆவது விக்கெட்டை எடுத்தார். ஷேன் வோர்னின் 708ஐத் தாண்டி டெஸ்ட் வரலாற்றின் உச்சிக்குப் போனார். 1920இல் தேயிலைத் தோட்ட வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து மலையேறி வந்த ஒருவரின் பேரன், தன் சொந்த ஊரில், சொந்த மக்கள் முன்னால் அதைச் செய்தார்.

2011 உலகக் கிண்ணத்தையொட்டிக் கண்டிக்குக் கிழக்கே, குண்டசாலையைத் தாண்டி, பல்லேகலவில் புதிய மைதானம் எழுந்தது. 2009 நவம்பரில் திறந்தார்கள். 2010 டிசம்பரில் மேற்கிந்தியத் தீவுகளுடன் முதல் டெஸ்ட். சுமார் 35,000 பேர் அமரலாம். மத்திய மாகாண சபை 2010இல் அதற்கு முரளிதரனின் பெயரைச் சூட்டத் தீர்மானித்தது. ஊர் வாயில் இன்றும் அது பல்லேகலதான்.

அஸ்கிரியவில் மலைச்சரிவே படிவரிசையாக அமைந்து, பார்ப்பவரை ஆட்டத்துக்குக் கிட்டே கொண்டுவந்தது. பல்லேகல அப்படியில்லை. பரந்த மைதானம், உயர்ந்த மாடிகள், பக்கங்களில் புல்மேடு. மாடியில் இருப்பவரும் புல்மேட்டில் இருப்பவரும் பார்ப்பது ஏறக்குறைய இரண்டு வெவ்வேறு ஆட்டங்கள். ஆகவே இங்கே இடம் தெரிந்தெடுப்பதற்கு அர்த்தம் அதிகம்.

பந்துவீச்சாளரின் முதுகுக்குப் பின்னால்

கிரிக்கெட்டைக் கற்றுக்கொள்ள விரும்பும் பிள்ளையை அழைத்துப் போகிறீர்களா? பந்துவீச்சாளர் ஓடிவரும் கோட்டுக்கு நேர் பின்னால், கொஞ்சம் உயரத்தில் இடம் எடுங்கள். பந்து எந்தப் பக்கம் வளைகிறது, தரையில் பட்டு எவ்வளவு திரும்புகிறது, துடுப்பாட்டக்காரரின் கால் அதற்கு முன்னே வருகிறதா பின்னே போகிறதா என்பதெல்லாம் அங்கிருந்துதான் தெரியும்.

2023 செப்டெம்பர் 2ஆம் திகதி ஆசியக் கிண்ணத்தில் இந்தியாவும் பாகிஸ்தானும் பல்லேகலவில் மோதின. மழையால் ஆட்டம் நின்று மீண்டும் தொடங்கிய கொஞ்ச நேரத்தில், ஷாஹீன் ஷா அப்ரிடி பந்தை ரோஹித் சர்மாவுக்கு வெளியே போகவிட்டுக்கொண்டே வந்து, திடீரென ஒன்றை உள்ளே கொண்டுவந்தார். ஸ்டம்ப் சாய்ந்தது. பக்கவாட்டில் இருந்தவர்களுக்கு அது ஒரு போல்ட், அவ்வளவே. நேர்க்கோட்டில் இருந்தவர்களுக்கு அந்த விக்கெட்டின் முழுத் திட்டமும் தெரிந்திருக்கும்: வெளியே போன பந்துகள் ரோஹித்தின் மனதில் விதைத்த எதிர்பார்ப்பு, கடைசிப் பந்து அதைப் பயன்படுத்திய விதம், இரண்டும்.

சுழற்பந்துக்கு இது இன்னும் பொருந்தும். 2016 ஜூலையில் இங்கே அவுஸ்திரேலியாவை இலங்கை 106 ஓட்டங்களால் வென்ற டெஸ்டில், முதல் இன்னிங்ஸில் 117க்குச் சுருண்ட இலங்கையை இரண்டாம் இன்னிங்ஸில் குசல் மெண்டிஸ் தனியாளாக 176 அடித்து நிமிர்த்தினார். பிறகு ஹேரத்தும், முதல் டெஸ்ட் ஆடிய சந்தகனும் சுழற்றினார்கள். கடைசி நாளில் அவுஸ்திரேலியாவின் நெவிலும் ஓகீஃபும் 178 பந்துகளைத் தடுத்து நின்று சேர்த்தது வெறும் 4 ஓட்டங்கள். ஓட்டங்களை மட்டும் எண்ணுபவருக்கு அது அலுப்பு. பந்துவீச்சாளரின் பின்னாலிருந்து, துடுப்பைச் சுற்றி நெருங்கி நின்ற தடுப்பாளர்களையும் ஒவ்வொரு பந்தின் திருப்பத்தையும் பார்த்தவருக்கு ஆட்டத்திலேயே உயிர் நின்ற நேரம் அது. டெஸ்ட் பார்க்கப் போனால், கொஞ்சம் கூடுதல் காசு கொடுத்தாவது இந்தக் கோட்டில் உட்காருங்கள் என்று சொல்வது இதனால்தான்.

ஆனால் மிகக் கீழ் வரிசை வேண்டாம். நேர் பின்னால் வெள்ளைத்திரை இருக்கும், நடுவரும் குறுக்கே நிற்பார். அமெரிக்காவின் கூடைப்பந்து அரங்குகளிலும் அனுபவசாலிகளின் கணக்கு இதுவே. ஏறக்குறைய 29 மீற்றர் நீளமும் 15 மீற்றர் அகலமும் கொண்ட சிறிய தரை அது. ஓரத்து நாற்காலியில் வீரரின் வியர்வை வரை தெரியும், பத்துப் பேரும் எப்படி நகர்கிறார்கள் என்பது தெரியாது. நடுக்கோட்டுக்கு நேரே சில வரிசைகள் மேலே போனால் முழு ஆட்டமும் விரியும். கிரிக்கெட்டில் நடு ஆடுகளத்திலிருந்து எல்லைக்கோடே 60, 70 மீற்றர் தள்ளி இருக்கிறது. அவ்வளவு தூரத்தில் உயரம் இன்னும் அவசியம்.

பக்கவாட்டில் என்ன தெரியும்?

வேகம் தெரியும். மணிக்கு 140 கிலோமீற்றரில் வரும் பந்து, வீசியவரின் கையிலிருந்து துடுப்பை அடைய அரை வினாடியும் எடுக்காது. தொலைக்காட்சி பெரும்பாலும் பின்னாலிருந்தே காட்டுவதால் அந்த வேகம் நமக்கு உறைப்பதில்லை. பக்கவாட்டில் உட்கார்ந்து முதல் ஓவரைப் பார்த்தவர் ஒருமுறை மூச்சைப் பிடிப்பார். பந்து தரையில் எங்கே படுகிறது, பவுன்சர் எவ்வளவு எழும்புகிறது, விக்கெட் காப்பாளர் எத்தனை அடி பின்னால் நிற்கிறார் என்பதும் இங்கிருந்தே தெளிவு. ரன் அவுட்டுக்கும் ஸ்டம்பிங்குக்கும் இதைவிட நல்ல இடம் கிடையாது. எல்.பி.டபிள்யூ. முறையீட்டுக்கு மட்டும் இங்கிருந்து எழுந்து கத்தாமல் இருப்பது நல்லது. கோடு தெரியாது.

இன்னொன்றையும் இங்கே கவனிக்கலாம். துடுப்பு பந்தை அடிப்பது முதலில் கண்ணுக்குத் தெரியும், சத்தம் ஒரு கணம் கழித்தே காதுக்கு வரும். ஒலி 75 மீற்றரைக் கடக்க ஏறக்குறைய கால் வினாடி வேண்டும். பாடசாலையில் விஞ்ஞானப் புத்தகத்தில் படித்ததைப் பிள்ளை தன் காதாலேயே சரிபார்த்துக்கொள்ளும் இடம் அது.

புல்மேடு நம்முடைய இடமா?

இருபது ஓவர் ஆட்டத்துக்கு, நண்பர் கூட்டத்துக்கு, கைக்குழந்தையோடு போகிறவர்களுக்குப் புல்மேடு அருமையான இடம். காசு குறைவு. எழுந்து நிற்கலாம், ஆடலாம், கால் நீட்டிப் படுக்கலாம், பிள்ளை ஓடித் திரியலாம். பபரே வாத்தியம் அங்கேதான் முழங்கும். சிக்ஸர் வந்து விழுவதும் அங்கேதான். எல்லைக்கோட்டில் நிற்கும் தடுப்பாளர் பேசுவது கேட்கும் அளவுக்குக் கிட்டே போகலாம். 2012 இருபது ஓவர் உலகக் கிண்ணத்தில் இலங்கையும் நியூசிலாந்தும் 174இல் சமநிலையில் நின்று சுப்பர் ஓவருக்குப் போன இரவு இங்கே மறக்கமுடியாதது. அதில் மாலிங்க பந்துவீச, இலங்கை வென்றது. ஒவ்வொரு பந்துக்கும் உயிர் போய் வந்த அந்த ஓவரைக் கூட்டத்தோடு கூட்டமாக நின்று பார்ப்பது ஒரு வரம்.

ஆனால் மலிவு என்ற ஒரே காரணத்துக்காக எல்லா ஆட்டத்துக்கும் எல்லோரும் புல்மேட்டுக்கே போக வேண்டியதில்லை. நாள் முழுக்கக் கொழுந்து பறித்து முதுகு ஒடிந்த அம்மாவுக்குச் சரிவான புல்லில் எட்டு மணிநேரம் சாய்மானமில்லாமல் உட்காருவது ஓய்வாக இருக்காது. அப்பாவுக்கு மூட்டுவலி என்றால் மேட்டில் ஏறி இறங்குவதே பாடு. பெண் பிள்ளைகள் வருகிறார்கள் என்றால் மலசலகூடம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதை முதலிலேயே பார்க்க வேண்டும். வயதானவர்களுக்குச் சாய்மானம் உள்ள கதிரை, இளைஞர்களுக்குப் புல்மேடு என்று பிரித்து டிக்கெட் எடுப்பதில் தவறே இல்லை. குடும்பம் ஒன்றாக இருக்க வேண்டும் என்றால், வயதானவரின் வசதியை வைத்தே இடத்தை முடிவு செய்யுங்கள்.

வெயிலும் மழையும்

மலையகத்துக்காரருக்கு வானிலையைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனால் பல்லேகலவின் வானிலை ஹட்டனின் வானிலை இல்லை. நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,800 மீற்றருக்கும் மேலே இருக்கிறது. பல்லேகல அதன் கால்வாசி உயரத்திலேயே கிடக்கிறது. காலையில் ஸ்வெட்டரோடு வேனில் ஏறுகிறவர் மத்தியானம் மைதானத்தில் வியர்த்துக் கொட்டுவார். பிற்பகல் ஆட்டத்துக்கு மேற்கைப் பார்த்த இடம் எடுத்தால் மூன்று மணியிலிருந்து வெயில் கண்ணுக்கு நேரே அடிக்கும். டிக்கெட் எடுக்கும்போதே திசையைக் கேட்டுக்கொள்ளுங்கள். தொப்பியும் தண்ணீர்ப் போத்தலும் கையிலிருக்கட்டும். எதை உள்ளே விடுவார்கள், எதை விடமாட்டார்கள் என்பது ஆட்டத்துக்கு ஆட்டம் மாறும். அதையும் முன்கூட்டியே விசாரியுங்கள்.

அடுத்தது மழை. மேலே சொன்ன 2023 இந்தியா–பாகிஸ்தான் ஆட்டத்தில் இந்தியா 266 எடுத்தது. அதற்குப் பிறகு பாகிஸ்தான் ஒரு பந்துகூட ஆடவில்லை. மழை விடாததால் புள்ளிகளைப் பகிர்ந்தார்கள். இரண்டு நாள் கழித்து இந்தியா–நேபாளம் ஆட்டத்திலும் மழை புகுந்தது. கூரைக்குக் கீழே இருந்தவர்கள் காத்திருந்தார்கள், புல்மேட்டில் இருந்தவர்கள் நனைந்தார்கள். மழைக்காலத்து ஆட்டம் என்றால் கூரையுள்ள இடத்துக்குக் கொடுக்கும் கூடுதல் காசு வீண்போகாது. கூரையின் முன்வரிசையிலும் சாரல் அடிக்கும், ஆகவே நான்கைந்து வரிசை உள்ளே தள்ளிக் கேளுங்கள். புல்மேடுதான் என்று முடிவானால், மலைக்குக் கட்டிப்போகும் படங்கில் ஒன்றைக் கழுவிக் காயவைத்து எடுத்துப் போங்கள். ஈரப்புல்லில் விரித்து உட்கார அதைவிடத் தோதானது எதுவும் இல்லை.

வீடு திரும்புவதையும் எண்ணி

இடம் எடுக்கும்போதே வெளியே வரும் வழியையும் நினைக்க வேண்டும். நகரத்துக்காரருக்கு ஆட்டம் முடிந்து அரை மணியில் வீடு. நமக்கு அப்படியில்லை. ஹட்டன் பக்கம் போகிறவர்கள் கண்டி, பேராதனை, கம்பளை, நாவலப்பிட்டி, கினிகத்தேனை வழியாக ஏற வேண்டும். நுவரெலியாப் பக்கம் என்றால் புசல்லாவை, றம்பொடை வளைவுகள். ஹட்டனுக்கப்பால் மஸ்கெலியா, பொகவந்தலாவைத் தோட்டங்களுக்குள் இருட்டில் இன்னும் ஒரு பயணம். இரவாட்டம் முடியும் நேரத்துக்கு ஊர் பஸ்ஸை நம்ப முடியாது. ஆகவே கூட்டமாகச் சேர்ந்து வேன் பேசுவதுதான் பத்திரம். சாரதியோடு சந்திக்கும் இடத்தை வெளிச்சத்திலேயே பார்த்து வைத்துக்கொண்டு, அதற்குக் கிட்டிய வாசலோடு சேர்ந்த பகுதியில் இருக்கை எடுங்கள். வரிசையின் நடுவில் இருப்பதைவிட நடைபாதையோரம் இருப்பது பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு நல்லது. அடுத்த நாள் காலை பிரட்டுக்குப் போக வேண்டியவர்கள் சனிக்கிழமை ஆட்டமாகப் பார்த்துக்கொள்வது இன்னும் நல்லது.

யார் எங்கே உட்கார்ந்தார்கள்

இவ்வளவு விவரம் எதற்கு என்று யாராவது கேட்கலாம். நம் மலைகளில் உட்காரும் இடத்துக்கு ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. அது தெரிந்தால் இந்தக் கேள்வி எழாது.

1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்ட காலத்திலேயே மலையகத்தில் துரைமாரின் விளையாட்டுக் கிளப்புகளும் வேர்விடத் தொடங்கியிருந்தன. தரவளையிலும் ரதெல்லவிலும் தேயிலைச் சரிவுகளுக்கு நடுவே பச்சைக் கம்பளம் போல மைதானங்கள் விரிந்தன. பவிலியன் படியில் உட்கார்ந்தவர்கள் துரைமாரும் அவர்களுடைய விருந்தாளிகளும். நுவரெலியாவில் 1876இல் தொடங்கிய ஹில் கிளப்பில் இலங்கையர் எவரும் உறுப்பினராவதற்கே 1960கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இலங்கையருக்கே இடமில்லாதபோது, 1948 குடியுரிமைச் சட்டத்தால் நாடே இல்லாமல் ஆக்கப்பட்ட தோட்டத் தமிழருக்கு எங்கே இடம்? ஆட்டத்தைப் பார்க்க வேண்டுமானால் வரம்பில் நிற்கலாம், மேட்டில் குந்தலாம்.

நுவரெலியாக் குதிரைப் பந்தயத் திடலும் அந்தக் காலத்தது, 1875இல் உருவானது. ஏப்ரல் வசந்தகாலம் வந்தால் ஆளுநர் கிண்ணத்துக்கும் இராணிக் கிண்ணத்துக்கும் குதிரைகள் ஓடும். கூரை போட்ட படிவரிசையில் தொப்பி அணிந்தவர்கள், வேலியோரத்தில் மற்றவர்கள் என்ற பிரிவினை அங்கேயும் இருந்தது. இன்று பந்தயத்துக்குப் போகிற தோட்டத்து இளைஞர் பலர் பழக்கதோஷத்தில் வேலியோரத்துக்கே போகிறார்கள். குதிரையின் குளம்படிச் சத்தம் நெஞ்சில் அதிர வேண்டுமென்றால் வேலியோரம் நல்ல இடந்தான். ஆனால் குதிரைகள் கோட்டை நெருங்கும்போது எது முந்துகிறது என்று பார்க்க, முடிவுக்கோட்டுக்கு நேரே உயரத்தில் நிற்க வேண்டும். இரண்டையும் அறிந்து ஒன்றை எடுப்பது வேறு, அடுத்ததை எட்டாது என்று நினைத்து ஒதுங்குவது வேறு.

இலவசமாகப் பார்த்து ரசிப்பதில் குறை ஒன்றும் இல்லை. 2010 ஜூலை 22ஆம் திகதி காலியில் முரளி 800ஆவது விக்கெட்டை எடுத்தபோது, கோட்டைச் சுவரில் டிக்கெட் இல்லாமல் நின்றவர்களும் அந்த வரலாற்றுக்குச் சாட்சி. நம் தோட்டங்களில் மென்பந்துப் போட்டி நடக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் தேயிலைச் சரிவே கலரி. யாருக்கும் டிக்கெட் இல்லை, யாருக்கும் தடையும் இல்லை. ஊர் முழுக்க ஒன்றாகக் கூடி, அடித்தவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கைதட்டுகிறது. ஹட்டன் டன்பார் மைதானத்திலும் நோர்வூட் மைதானத்திலும் அந்தக் கொண்டாட்டத்தைப் பார்க்கலாம். அங்கே நாம் விருந்தாளிகள் இல்லை, வீட்டுக்காரர்கள். அந்த உரிமை உணர்வோடுதான் பல்லேகலவுக்குள்ளும் நுழைய வேண்டும்.

கேட்க வேண்டியவை

தனி மனிதர்கள் கவனமாக இடம் எடுப்பதோடு இது முடிந்துவிடாது. நிர்வாகம் செய்ய வேண்டியவையும் உண்டு. பல்லேகலவில் சர்வதேச ஆட்டம் வரும்போதெல்லாம் ஹட்டனிலும் நுவரெலியாவிலும் தலவாக்கலையிலும் டிக்கெட் விற்கும் இடம் ஒன்று இருக்க வேண்டும். இணையத்தில் முன்பதிவு செய்யத் தெரியாத, வங்கி அட்டை இல்லாத தொழிலாளி கடைசி நாள் வாசலில் வந்து நிற்கும்போது நல்ல இடங்கள் எல்லாம் போய்விட்டிருக்கும். "கிடைச்ச இடத்துல" என்ற பதில் பிறப்பதே அங்கேதான். டிக்கெட்டிலும் வழிகாட்டிப் பலகையிலும் தமிழ் தெளிவாக, பிழையில்லாமல் இருக்க வேண்டும். இரவாட்டம் முடிந்ததும் ஹட்டனுக்கும் நுவரெலியாவுக்கும் சிறப்பு பஸ்கள் ஓட வேண்டும். தோட்டப் பாடசாலைப் பிள்ளைகளுக்கு டெஸ்ட் ஆட்டத்தின் ஒரு நாளாவது, பந்துவீச்சாளரின் முதுகுக்குப் பின்னால் இருக்கும் நல்ல பகுதியில் ஒரு தொகுதி இருக்கைகளை ஒதுக்க வேண்டும். டெஸ்ட் நாட்களில் எத்தனையோ கதிரைகள் காலியாகத்தான் கிடக்கின்றன.

இவற்றை இலங்கை கிரிக்கெட் நிறுவனத்திடமும் மாகாண விளையாட்டுத் துறையிடமும் நம் மக்கள் பிரதிநிதிகள் எழுத்தில் கேட்க வேண்டும். பாடசாலை அதிபர்களும் தோட்ட இளைஞர் கழகங்களும் ஆட்ட அட்டவணை வந்தவுடனேயே கேட்க வேண்டும். கேட்டால் கிடைக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. கேட்காமல் இதுவரை எதுவும் கிடைத்ததில்லை என்பதை மலையக மக்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அடுத்த ஆட்டத்துக்கு வேன் பேசும் முன் வீட்டில் உட்கார்ந்து நான்கு கேள்விகளைப் பேசி முடிவெடுங்கள். பார்க்கப் போவது எந்த ஆட்டம்? கூட வருவது யார்? அன்றைக்கு மழை வருமா? எப்படித் திரும்புவது? பதில் புல்மேடாக இருந்தால் புல்மேட்டுக்கே போங்கள், மாடியாக இருந்தால் மாடிக்குப் போங்கள். எதுவானாலும் அது நீங்கள் எடுத்த முடிவாக இருக்கட்டும். டிக்கெட்டில் அச்சிட்ட இடத்துக்குப் போய் நிமிர்ந்து உட்காருங்கள், அது உங்கள் உழைப்பில் வாங்கிய இடம்.